பத்து மணிக்கு மலை

மலையைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தால், அந்தச் சட்டத்தைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் வேண்டும். அலுவலகம் வந்தால் மேஜை வரும். மேஜை வந்தால் பதிவேடு வரும். பதிவேடு வந்துவிட்ட பிறகு அதில் எழுத ஓர் ஆள் வராமல் இருக்க முடியாது. மலைக்காட்சிப் பாதுகாப்புத் துணை அலுவலகத்தின் காட்சி எழுத்தர் அப்படி முறைப்படி வந்து சேர்ந்தவர்.

அவருடைய பணி எளிது. தினமும் காலை பத்து மணிக்கு அலுவலகத்தின் மொட்டை மாடிக்கு ஏறி, வடக்குப் பார்த்து நின்று, எதிரே மலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் பதிவேட்டில் 'காட்சி உண்டு' என்ற கட்டத்தில் ஒரு டிக். தெரியாவிட்டால் 'காட்சி இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். ஓரளவு தெரிந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. அரசாங்கத்துக்கு ஓரளவு என்பது பிடிக்காது. டிக் போட்டதும் கீழே இறங்கி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பதிவேட்டை பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். பத்தொன்பது வருடங்களில் எழுத்தர் ஒரு நாள்கூட இரண்டு நிமிடம் பிந்தியதில்லை. மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எதிர்க் கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். ஊரில் அவருக்குப் 'பத்து மணி' என்றுதான் பெயர்.

இதில் சங்கடம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊரில் மூடுபனி பத்தரைக்குத்தான் விலகும்.

பதினோரு மணிக்கு மலை துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று நிற்கும். படுத்திருக்கும் எருமையைப் போன்ற மலை அது. எருமைக்கு இல்லாத திமில் மாதிரி ஒரு பாறை. வயிற்றுப் பக்கம் மஞ்சள் புல் சரிவு. மழை பெய்த மறுநாள் விலா எலும்பிலிருந்து நூல் போல ஓர் அருவி. இருட்டும் வரை ஊரே பார்க்கும். பதிவேடு மட்டும் பார்க்காது. பத்து மணிக்கு எழுத்தர் மாடியில் நின்றால் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வெள்ளைவெளேரென்று ஒன்றுமில்லை. அவர் நேர்மையான மனிதர். 'காட்சி இல்லை' என்று டிக் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

பணிக்குச் சேர்ந்த புதிதில், பார்வை நேரத்தைப் பதினொன்றாக மாற்றலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மூன்று வருடம் கழித்துப் பதில் வந்தது. 'பதினோரு மணிக்குக் காட்சி உண்டு என்பதற்குத் தங்கள் பதிவேட்டில் எவ்வித ஆதாரமும் காணப்படவில்லை. எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' பதிவேட்டில் பதினோரு மணியே கிடையாது என்பதால், பதிலில் குற்றம் சொல்ல எழுத்தருக்கு இடமில்லை. கோப்பில் வைத்துவிட்டார்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. அதில் எழுத்தருக்கு இரண்டு அறை வீடு. முன்னறையில் வடக்குப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம். எழுத்தரின் மனைவி தையற்காரி. நூல் கோத்துக் கோத்துக் கண் எரியும்போது தலையை நிமிர்த்தி எருமையின் முதுகில் கொஞ்ச நேரம் கண்ணை மேயவிட்டு, மறுபடி குனிவாள். "இந்த ஜன்னல் இல்லைன்னா எனக்கு எப்பவோ கண்ணாடி வந்திருக்கும்" என்பாள். இந்த வீட்டை மாற்றிக்கொள்ள மூன்று முறை வாய்ப்பு வந்தும் அவள் அசையவில்லை.

அப்படிப்பட்ட மலையில்தான் இரண்டாயிரத்து நானூறு வீடுகள் கட்டப்போவதாக ஒரு கட்டுமானக் கம்பெனி மனுப் போட்டது. புல் சரிவில் தொடங்கி, வயிற்றைச் சுற்றி, திமில் வரைக்கும் வீடு. விளம்பரத்தாளில் ஒரு பெண் பால்கனியில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். கீழே 'இயற்கையின் மடியில்' என்று எழுதியிருந்தது. மடியில் இரண்டாயிரத்து நானூறு குடும்பம் உட்கார்ந்தால் இயற்கைக்குக் கால் மரத்துப்போகாதா என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் கொதித்தது. மறுவாரமே மலை மீட்புக் குழு உருவானது. தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். குழுவின் முதல் தீர்மானம், எல்லோருக்கும் பச்சை நிறத்தில் பனியன். அந்தப் பருவத்தில் மலை மேல் அன்பு வைப்பது பெரிய மோஸ்தராக இருந்தது. பனியன் போட்டுக்கொண்டு, பாறை ஏறும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் ஊன்றுகோலோடு குழுவினர் தினமும் காலையில் கடைத்தெருவைச் சுற்றி வந்தார்கள். கடைத்தெரு சமதளம்.

பனியன் தைக்கும் வேலை எழுத்தரின் மனைவிக்கு வந்தது. டாக்டரே நேரில் வந்து மாதிரிப் படத்தைக் கொடுத்தார்.

"என்ன டாக்டர் இது, கூம்பா, மேல பனியெல்லாம் போட்டிருக்கு. நம்ம மலை இப்படியா இருக்கு?"

"நம்ம மலையை வரைஞ்சு பார்த்தோம்மா. போர்வை போத்திட்டு யாரோ தூங்கற மாதிரி இருக்கு. இப்படிப் போட்டாத்தான் மலைன்னு தெரியுது."

"அப்ப இந்தப் படத்து மலையைக் காப்பாத்திக் குடுங்க, நிஜ மலையைக் கம்பெனி எடுத்துக்கட்டும்" என்று அவள் முணுமுணுத்தது இயந்திரச் சத்தத்தில் டாக்டருக்குக் கேட்கவில்லை.

ஆனால் குழுவுக்கு நம்பிக்கை பலமாக இருந்தது. சட்டத்தின் நான்காம் பிரிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது. 'மலையின் காட்சிக்குக் கேடு விளைவிக்கும் எந்தக் கட்டுமானமும் அனுமதிக்கப்படலாகாது.' ஒரே வரி. அரசாங்கம் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவது அபூர்வம் என்று டாக்டர் அதை மனப்பாடமே செய்திருந்தார்.

விசாரணை அலுவலகத்தின் நடு அறையில் நடந்தது. அதிகாரி மாற்றலாகி வந்து ஆறு மாதம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். முன்பக்கம் கோப்புகள் இருந்தன. கம்பெனி சார்பில் ஒரு பெண் ஆலோசகர் வந்திருந்தார். புன்னகை மாறாத முகம்.

"மேடம், நாலாம் பிரிவு தெளிவா இருக்கு" என்றார் அதிகாரி. "காட்சிக்குக் கேடுன்னா அனுமதி கிடையாது."

"முழுசா ஒத்துக்கறோம் சார். அதனாலதான் உங்க பதிவேட்டோட நகல் வாங்கிப் படிச்சோம். பத்தொன்பது வருஷத்துல நாலாயிரத்து எழுநூத்தி ஐம்பது தடவை மாடியிலேர்ந்து பார்த்திருக்கீங்க. மலை தெரிஞ்சது அறுபத்தோரு தடவை."

"அறுபத்து மூணு" என்றார் மூலையில் நின்ற எழுத்தர், தன்னை அறியாமல்.

"ரொம்ப நன்றி சார், திருத்திக்கறேன். அறுபத்து மூணு. மீதி நாளெல்லாம் காட்சி இல்லைன்னு அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கு. இல்லாத காட்சிக்கு எங்களால எப்படி சார் கேடு வரும்?"

டாக்டர் எழுந்து போய் அதிகாரிக்குப் பின்னாலிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் திறந்தார். மணி பதினொன்றே முக்கால். மலை முழுசாக, வெயிலில், ஒரு புல்லைக்கூட ஒளிக்காமல் படுத்திருந்தது.

"பாருங்க சார். நிக்குதா இல்லையா?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். நியாயமாகச் சொன்னால் கொஞ்சம் ரசித்தார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு திரும்பி உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு டாக்டர். ஆனா இது விசாரணை நேரத்துக் காட்சி. சட்டம் கேட்கறது பார்வை நேரத்துக் காட்சி."

எழுத்தருக்குப் பொறுக்கவில்லை. "சார், தினமும் பதினோரு மணிக்கு இப்படித்தான் சார் தெரியும். நானே பார்க்கறேன்."

"எங்கேர்ந்து?"

"டீக்கடை வாசல்லேர்ந்து சார்."

"பதினோரு மணிக்கு நீங்க சீட்டுல இல்லையா?"

அன்று மாலையே எழுத்தருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. 'அலுவலக நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தமைக்கு' ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். மலையைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கும் அந்த மனிதர், உண்மையாகவே வெட்கப்பட்டு, மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி நடுநிலைமை தவறாதவர். இரு தரப்புக்கும் நியாயம் செய்யும் பொருட்டு ஓர் இடைக்கால உத்தரவு போட்டார். அடுத்த முப்பது வேலை நாட்களுக்குச் சிறப்புப் பார்வை நடத்தப்படும். நேரம், வழக்கம்போல் பத்து மணி. பாதிக்கு மேல் காட்சி இருந்தால் மனு தள்ளுபடி. இல்லையென்றால் வீடு.

எழுத்தர் வீட்டுக்குப் போனபோது மனைவி பச்சைப் பனியனுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எத்தனை நாள் வேணும்?"

"முப்பதுல பதினாறு."

"இந்தப் பருவத்துல பத்து மணிக்கு எத்தனை நாள் தெரியும்?"

"ரெண்டு நாள் தெரிஞ்சா பெரிய விஷயம்."

"அப்ப மீதி பதினாலை நீங்கதான் போடணும்."

"தெரியாததைத் தெரிஞ்சதுன்னா? நானா?"

"மலை அங்க இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? கோட்டு விறைப்பா நிக்க உள்ள நான் வைக்கற கேன்வாஸ் துணி யார் கண்ணுக்குத் தெரியுது? தெரியலைன்னா நான் வைக்கலைன்னு ஆயிடுமா?"

"கட்டத்துல மலை இருக்கான்னு கேட்கலைம்மா. காட்சி இருக்கான்னு கேட்குது."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். திமில் பாறையில் கடைசி வெயில் இருந்தது.

"பத்தொன்பது வருஷமா அந்தக் கட்டத்தோட குடித்தனம் பண்றீங்க" என்றாள். "எனக்காக ஒரு பதினாலு நாள் வெளியில வரமாட்டீங்களா?"

மறுநாள் பத்து மணிக்கு எழுத்தர் மாடி ஏறி, பனிக்குள் நின்று, தன் செருப்புகூடத் தனக்குத் தெரியாத அந்த வெள்ளைக்கு நடுவில், தடவிப் பார்த்துப் பேனாவை எடுத்து, 'காட்சி உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டார். இடி விழும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். விழவில்லை. கீழே அதிகாரி வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதினாறோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாடிப்படிக்குக்கூடக் கணக்குப் பார்த்துக் கால் வைக்கிற மனிதருக்கு, வேறொரு நோய் இருந்தது. ஒரு கட்டத்தில் நாலு டிக், இன்னொரு கட்டத்தில் மூன்று டிக் என்று பக்கம் பல்லிளித்துக்கொண்டிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. உண்மை எழுதிய காலத்தில் பக்கம் எவ்வளவு சீராக இருந்தது. பொய்யென்று இறங்கிய பிறகு அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? இருபத்தொன்றாம் நாள் புயல் மழை. மாடிக் கதவையே திறக்க முடியவில்லை. எழுத்தர் படிக்கட்டில் நின்றபடியே உண்டு போட்டார். முப்பதுக்கு முப்பது. ஒரே கட்டம், ஒரே சாய்வு, ஒரே மை. பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபோது, மனைவி தைத்த மடிப்புப் போல இருந்தது.

இறுதி விசாரணைக்கு மலை மீட்புக் குழு முழுவதும் பனியனோடு வந்து வராந்தாவை அடைத்துக்கொண்டது. டாக்டர் பதிவேட்டைப் பார்த்து எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்பதான் சார் உங்க கண்ணு திறந்திருக்கு." அதிகாரி, மனுவைத் தள்ளுபடி செய்யும் உத்தரவைத் தட்டச்சு செய்யவே சொல்லிவிட்டிருந்தார்.

ஆலோசகர் புன்னகை மாறாமல் ஒரு தாளை மேஜையில் வைத்தார்.

"முதல்ல எழுத்தர் சாருக்கு எங்க பாராட்டு. முப்பதுக்கு முப்பது. இது வானிலை அலுவலகத்தோட பதிவேட்டு நகல் சார். அதே முப்பது நாள், அதே பத்து மணி. இருபத்தெட்டு நாள் பத்தடிக்கு அப்பால எதுவும் தெரியலைன்னு எழுதியிருக்காங்க."

எழுத்தரின் காதுக்குள் மாடியில் நிற்பது போல ஒரு குளிர் புகுந்தது.

"அப்ப ரெண்டுல ஒண்ணு தப்பு" என்றார் டாக்டர்.

"டாக்டர்" என்றார் அதிகாரி, முதல் முறையாகக் குரலை உயர்த்தி. "ரெண்டும் அரசாங்கப் பதிவேடு. வார்த்தையை அளந்து பேசுங்க."

"நாங்களும் அதையேதான் சொல்றோம் சார்" என்றார் ஆலோசகர். "அரசாங்கப் பதிவேடு எதுவும் தப்பா இருக்க முடியாது. பத்தடிக்கு மேல எதுவும் தெரியாத பனின்னு ஒரு பதிவேடு சொல்லுது. அந்தப் பனியிலயும் மலை தெரிஞ்சதுன்னு இன்னொரு பதிவேடு சொல்லுது. ரெண்டும் உண்மைன்னா, இந்த மலை எதையும் தாண்டித் தெரியற மலை. அவ்வளவு பெரிய பனியால மறைக்க முடியாததை, எங்க வீடுங்க எப்படி சார் மறைக்கும்?"

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தர்க்கத்தில் எங்கேயாவது பொத்தல் இருக்கிறதா என்று தேடினார். இரண்டு பதிவேடுகளும் மெய் என்ற இடத்திலிருந்து கிளம்பினால் வேறு எங்கேயும் போய்ச்சேர வழியில்லை.

"எழுத்தர்" என்றார். "உங்க பதிவேடு சரிதானே?"

வராந்தாவிலிருந்து பச்சைப் பனியன்கள் எட்டிப் பார்த்தன. சரி என்றால் வீடு வரும். தப்பு என்றால் முப்பதில் இரண்டாகி, வீடு வரும்; அதோடு வேலையும் போகும். எழுத்தர் இரண்டு கதவையும் மனதுக்குள் தள்ளிப் பார்த்தார். இரண்டும் ஒரே அறைக்குள்தான் திறந்தன.

"சரிதான் சார்" என்றார்.

உத்தரவு வந்தது. 'மேற்படி மலையின் காட்சி எவ்விதத் தடையாலும் பாதிக்கப்படாத தன்மையது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளதால், மனு ஏற்கப்படுகிறது.' ஆயினும் சட்டத்தின் மாண்பைக் காக்கும் பொருட்டு ஒரு நிபந்தனையும் இருந்தது. அலுவலக மாடியிலிருந்து மலையைப் பார்க்கையில் குறுக்கே நிற்கும் கட்டடங்கள் அகற்றப்பட வேண்டும். அளந்து பார்த்ததில் ஒரே ஒரு கட்டடம் அகப்பட்டது. பின்னால் இருந்த ஊழியர் குடியிருப்பு. நான்காம் பிரிவின்கீழ் இடிக்கப்பட்ட ஒரே கட்டடம் என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. ஊழியர்களுக்கு மாற்றிடம் ஒதுக்கப்பட்டது. ஜன்னல் சட்டத்தை மட்டும் பெயர்த்து எடுத்துப் போகலாமா என்று எழுத்தரின் மனைவி கேட்டாள். அது அரசாங்கச் சொத்து என்று பதில் வந்தது.

குழு சும்மா இருக்கவில்லை. வெளியே நின்று கூச்சல் போடுவதைவிட உள்ளே இருந்து கண்காணிப்பதே மேல் என்று டாக்டர் தலைமையில் முடிவெடுத்தது. கண்காணிப்பதற்கு வசதியாகக் கம்பெனி குழு உறுப்பினர்களுக்கு முன்வரிசை வீடுகளை ஒதுக்கியது. பனியன் மட்டும் மாறவில்லை. காலை நடைக்கு வசதியாக இருந்தது. இப்போது நடக்க மேடும் இருந்தது.

மூன்று வருடத்தில் எருமையின் வயிற்றிலிருந்து திமில் வரை வீடாக நிறைந்தது. மரங்களை வெட்டி, ஊற்றுகளைக் குழாய்க்குள் விட்டதும், பனிக்குத் தங்க இடமில்லாமல் போனதோ என்னவோ, அதுவும் ஊரைக் காலி செய்துவிட்டது. இப்போதெல்லாம் பத்து மணிக்கு மாடி ஏறினால் சுள்ளென்று வெயில். பால்கனிக் கம்பி ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவு. எழுத்தர் ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லாமல் வருடம் முழுவதும் 'காட்சி உண்டு' என்று டிக் போட்டார். அலுவலக வரலாற்றில் அப்படியொரு வருடம் இருந்ததில்லை. தலைமை அலுவலகம் புள்ளிவிவரத்தைப் பார்த்து அசந்துபோய், சிறந்த காட்சிப் பாதுகாப்புக்கான கேடயத்தை அனுப்பிவைத்தது.

கேடயத்தோடு படம் எடுக்க எல்லோரும் மாடியில் கூடினார்கள். நடுவில் அதிகாரி, பக்கத்தில் புன்னகையோடு ஆலோசகர், அந்தப் பக்கம் பனியனோடு டாக்டர், ஓரத்தில் எழுத்தரும் அவர் மனைவியும். பின்னணியில் மலை. படக்காரர் கேமராவை இறக்கினார்.

"சார், பின்னாடி ஏதோ வீட்டுல துணி காயுது. ஃபிரேம்ல விழுது."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுக்குத்தானே குடியிருப்போர் சங்கத்துல தீர்மானம் போட்டோம், பால்கனியில துணி காயப்போடக் கூடாதுன்னு. மலைக்காட்சி கெடுதுன்னு தலையால அடிச்சுக்கறேன், யாரு கேட்கறா? சார், நான் இப்பவே நாலாம் பிரிவுல புகார் தரேன்."

"தாராளமா தாங்க டாக்டர்" என்றார் அதிகாரி. "சட்டம் இருக்கறதே அதுக்குத்தான். எழுத்தர், எந்த வீடுன்னு பார்த்துச் சொல்லுங்க. கடும் பனியிலயே பார்த்த கண்ணு."

எழுத்தர் கைப்பிடிச் சுவர் வரை போனார். மனைவியும் கூடவே வந்து நின்றாள். கீழிருந்து ஏழாவது வரிசை, இடமிருந்து மூன்றாவது பால்கனி. மாற்றிடமாகக் கிடைத்த, ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரை முகர்ந்துகொண்டிருக்கும் வீடு. ஒரு நீலச் சட்டை, ஒரு புடவை, கழுத்துப் பட்டி நைந்த ஒரு பச்சைப் பனியன். சட்டையைக் காலையில் பிழிந்து போட்டவரே அவர்தான். கிளிப் போட மறந்திருந்ததால் அது காற்றில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

மனைவி அவர் முழங்கையை லேசாக இடித்தாள்.

மணி சரியாகப் பத்து. வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. எழுத்தர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, எல்லோரும் பார்க்கும்படி, நிதானமாக வடக்கே பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலை சார்" என்றார்.